ஏழாவது நிரல்

தொண்ணூற்றாறு குழிகள்.
நேற்றுப் பின்னேரம் ஒவ்வொன்றிலும் ஒரு துளி விட்டேன்,
விடிய வந்து பார்க்கக்
கூரையும் போட்டுவிட்டார்கள்.

வந்த இடம் பதினாலாம் வார்டு,
குருநகர்ப் பிலேந்திரனின் குதிக்கால்.
திருக்கை முள் குத்தியது ஆனியில்.
இப்போது ஐப்பசி.
மூன்று மருந்து மாறி நாலாவதும் ஏறியாயிற்று.
புண் தன்பாட்டில் ஈரமாய்க் கிடக்கிறது.

தனியே நீந்துகிற கிருமியைக் கொல்வது
பெரிய காரியமில்லை.
ஒட்டிப் படலம் போர்த்துக்கொண்டால்தான் கரைச்சல்.
கிணற்றுக்கட்டுப் பாசிக்கு
வாளி வாளியாய் ஊற்றிப் பாருங்கள்,
வழுக்கி விழுவது நாங்கள்தான்.

நான் இலைகளோடு போனேன்.
கொய்யா, ஆடாதோடை, நொச்சி.
மெதனோலில் மூன்று நாள், கறுப்புத்தாள் சுற்றி.
வடித்து உலர்த்த மிஞ்சுவது
குடுவையின் அடியில் நகக்கண் அளவு தார்.

ஊதாச் சாயம் விட்டுக் கழுவினேன்.
ஒட்டியிருந்தால் நாவற்பழம்.
இல்லையென்றால் வெறும் பிளாஸ்டிக்.

ஏழாவது நிரல், நொச்சி.
மேலிருந்து கீழ்வரை எட்டும் வெள்ளை!
கதிரை விழ எழும்பினேன்.
போனில் படம் எடுத்தேன்.
பிலேந்திரனுக்கு எப்படிச் சொல்வதென்றுகூட
ஒரு வசனம் யோசித்துவிட்டேன்.

கோசலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
"பன்னிரண்டைப் பார்" என்றாள்.

பன்னிரண்டில் இலையே இல்லை,
வெறும் மெதனோல்.
அதுவும் வெள்ளை.

செவ்வாய் கரண்ட் போன அரைமணியில்
நொச்சி சரியாய் உலரவில்லை.
கொன்றது சாராயத்தின் தம்பி.

கன்ரீனுக்குப் பின்னால் தேத்தண்ணியோடு நின்றேன்.
யாரோ புல்லுப் பிடுங்கிப் போட்ட குவியலில்
ஒரு பூனை
குப்பைமேனி வேரைக் கட்டிப்பிடித்து உருண்டது.
பூனைவணங்கி என்றும் அதற்குப் பேர்.
அதனிடம் வேரை விட்டுவிட்டு
இலையை மட்டும் உருவினேன்.

இந்தமுறை பச்சைத்தண்ணி.
வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நாள்
நாவற்பழம் கத்தரிப்பூவாய் வெளிறியிருந்தது,
எட்டில் ஐந்து குழியில்.
மேலே நின்ற நீரை எடுத்துத் தட்டில் பூசினேன்,
வளர்ந்தது. எல்லாம் உயிரோடுதான்.
சாகவில்லை.
இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"இன்னும் மூன்றுதரம் செய்" என்றாள் கோசலை,
"பிறகு சந்தோசப்படு."

வெள்ளிக்கிழமை வார்டுக்குப் போனேன்.
பிலேந்திரன் காலை நீட்டினார்.
"இண்டைக்கு எதைப் பிள்ளை பூசப்போறாய்?"

பஞ்சுக்குச்சியைக் காட்டினேன்.
"பூச இல்லை அண்ணை,
எடுக்கத்தான் வந்தனான்."