புள்ளி

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
கிடங்கின் பின்கட்டில் நானும் கணினியும்.
முன்கட்டில் முப்பத்தாறு தூண்கள்
படுத்துக் கிடக்கின்றன.
நின்றே பழகியவை படுத்தால்
இவ்வளவு இடம் பிடிக்குமென்று
முதலாளி எதிர்பார்க்கவில்லை.

ராட்டர்டாமிலிருந்து வந்த படிவம் பத்தொன்பது பக்கம்.
மரத்தின் பெயர்: தேக்கு.
கன அளவு: டேப் பிடித்து எழுதியாயிற்று.
பதினோராம் கேள்வியில் கர்சர் நின்று துடிக்கிறது:
மரம் வெட்டப்பட்ட இடத்தை
வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கவும்.

புள்ளி என்றால் இங்கே வேறு கணக்கு.
கல்யாணம் முடித்தால் ஒரு புள்ளி,
கோயிலுக்கு வரி கொடுத்தால் ஒரு புள்ளி.
இந்தத் தூண்கள் தாங்கிய பள்ளத்தூர் வீட்டில்
பதினான்கு புள்ளி.
ஜொகூரில் இரண்டு, நியூ ஜெர்சியில் ஐந்து,
கோயம்புத்தூரில் ஒன்று, யாரோடும் பேச்சில்லை,
மீதி சென்னையில்.
பதினான்கு கையெழுத்தும் சேர
முதலாளி அபுதாகிருக்கு மூன்று வருஷம்.

காட்டிடம் கையெழுத்து
யாரும் கேட்டதில்லை.

"பர்மாத் தேக்குன்னு போடுங்க, போதாதா?"
என்கிறார் ஜொகூர் விசாலாட்சி.
போதாதும்மா. பர்மா பெரிசு.
பழைய பேரேட்டைப் புரட்டினேன்.
கப்பல் கூலி உண்டு. ஆணி விலை உண்டு.
முட்டை எத்தனை ஆயிரம், சுண்ணாம்பு எத்தனை வண்டி,
எல்லாம் காலணா பிசகாமல்.
மரம் எங்கே நின்றது என்று
ஒரு வரி இல்லை.

ஒன்பதாவது தூணைப் புரட்டியபோது
சேசுராஜ்தான் கூப்பிட்டான்.
கல்லில் உட்கார்ந்திருந்த அடிப்பாகத்தில்
சுத்தியல் முத்திரை:
வட்டத்துக்குள் நட்சத்திரம், கீழே நாற்பத்தேழு.
நூறு வருஷமாக வீட்டையே தன்மேல் ஏற்றிவைத்து
மறைத்துக்கொண்டிருந்த விலாசம்.

படம் எடுத்து அனுப்பினோம், சியாங் மாய்க்கு.
தின் ஸார் நுவே, முன்பு அங்கே வன அதிகாரி,
இப்போது வாடகை அறையில் ஒரு நுண்ணோக்கியோடு.
அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும்
நொண்டி நொண்டி நடந்து
பாதி வழியில் சந்தித்தன.

"ஓடை தெரியும். நடந்திருக்கிறேன்.
இந்தச் சுற்றளவில் அங்கே ஒரு மரம்கூட இல்லை.
எவ்வளவு வெட்டலாம் என்று சட்டம் எழுத
எவ்வளவு மெதுவாக வளர்ந்தது என்று தெரியவேண்டும்.
அதைச் சொல்லும் மரங்கள் உங்கள் ஊரில்தான் இருக்கின்றன.
பென்சில் கனத்தில் ஒரு துளை போடலாமா?"

மறுபடி பதினான்கு பேர்.
இந்த முறை ஒரே ராத்திரி, வாட்ஸப்பில்,
பதிமூன்று கட்டைவிரல்.
கோயம்புத்தூர் மட்டும் விடிந்தபின் கேட்டது:
"துளைக்கு விலை குறைப்பானா டச்சுக்காரன்?"
டச்சுக்காரன் எழுதினான்:
துளையுள்ள தூண் முதலில் எனக்கு.

துளைப்பான் உள்ளே போகப் போக
சேசுராஜ் மூக்கைக் கிட்டே கொண்டுபோனான்.
வெளியே விளக்கெண்ணெய்ப் புகை, பாலிஷ், எத்தனையோ கல்யாணம்.
உள்ளே பச்சை வாசனை,
நேற்றுத்தான் வெட்டினாற்போல.

குச்சியைக் கூரியரில் போட்டோம்.
பொருளின் மதிப்பு என்ன என்று கேட்டான் பையன்.
நூறு ரூபாய் என்றேன், வேறு என்ன சொல்ல.

ஐந்தாம் வாரம் பதில்:
வளையங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
நடுவில் ஏழு, மயிரிழை போல, நெருங்கி நெருங்கி:
மழை பொய்த்த வருஷங்கள்.
கீழே இரண்டு எண்கள், அட்சம், தீர்க்கம்.
என் புள்ளி.

பதினோராம் கட்டத்தில் இட்டேன்.
சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தது:
குறிப்பிட்ட இடத்தில் காடு இல்லை.
விளக்கம் தரவும்.

விளக்கத்துக்கு இருநூறு எழுத்து
இடம் விட்டிருக்கிறார்கள்.
வளையத்துக்கு ஓர் எழுத்து என்றாலும்
பன்னிரண்டு குறைகிறது.