வெட்டு

கருவியின் பெயர்: வெட்டு.
அது செய்வது: தண்ணீரை வெட்டும்.

இவ்வளவுதான் எழுதியிருந்தேன்,
சம்மாந்துறையில், உரக்கடைக்கு மேல்மாடியில்,
தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை.
இங்கே பிறந்த எவருக்கும் அது போதும்.
வாய்க்கால் வெட்டு, வரம்பு வெட்டு,
மாரி முற்றினால் ஆற்றுவாய் வெட்டு.
வெட்டென்றால் திறப்பு. வெட்டென்றால் ஓடட்டும்.

அது இங்கே பிறக்கவில்லை.
அது படித்த பத்திரிகைகளில் எல்லாம்
மின்வெட்டு, நீர்வெட்டு, சம்பளவெட்டு.
வெட்டென்றால்
இல்லை.

ஐப்பசி கடைசி. மேற்கே நல்ல மழை.
இரவு இரண்டே காலுக்கு யாரோ ஒருவர் எழுதுகிறார்:
மூணாம் வாய்க்கால் நிரம்புது, தண்ணிய நிப்பாட்டுங்க.
அதன் யோசனை பதிவேட்டில் இன்னும் கிடக்கிறது:
"நீரை நிறுத்த வேண்டும். பொருத்தமான கருவி, வெட்டு."
பிழை தேடி நான்கு தரம் வாசித்தேன்.
யோசனையில் பிழை இல்லை.

செய்தி உதுமாலெவ்வை வட்டவிதானைக்குப் போனது.
சுபஹு தொழுதுவிட்டுக் கைபேசியைப் பார்த்தவர்
மண்வெட்டியோடு போய்
சொன்னபடி வெட்டினார்.
கோணேசமூர்த்தியின் மூன்று ஏக்கர்,
விதைத்து நாலு நாள்,
முளை இன்னும் பச்சைகூடப் பிடிக்கவில்லை,
வெள்ளாப்பில் வீரமுனைப் பக்கமாக மிதந்து போனது.
இந்தப் பக்கத்தில் ஒரு வரம்பு உடைந்தால்
வரம்பு மட்டும் உடைவதில்லை.
அதை இங்கே விரிக்க மாட்டேன்.

துஷாந்தி சொன்னாள், கொட்டை எழுத்தில்
"கவனம்" என்று சேர்.
சேர்த்தேன். அழித்தேன்.
கவனம் என்றால் அது எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும்?
அதற்குச் சேறு தெரியாது, கொக்கு தெரியாது,
கோணேசமூர்த்தியைத் தெரியாது.
நான் எழுதி வைத்ததுதான்
அதற்கு முழு வட்டையும்.

சனிக்கிழமை விதைநெல்லோடு போனோம்.
"ஆரு மனே அந்தப் பொடியன்?" என்றார் வட்டவிதானை.
"வெட்டெண்டு வந்திச்சி, வெட்டின."
பொடியன் இல்லை, என்றேன்.
பிறகு, எழுதினது நான், என்றேன்.
அவர் மண்வெட்டி விளிம்பின் சேற்றை
ஒரு குச்சியால் வழித்துக்கொண்டிருந்தார்.
கோணேசமூர்த்தி மூட்டைகளை எண்ணி
"ஒண்டு குறையுது" என்றார்.
உண்மைதான், குறைந்தது.

அன்று இரவு எழுதியது:

வரம்பு வெட்டித் திற.
வரம்பை உடைத்து, வாய்க்கால் நீரை வயலுக்குள் ஓடவிடச் சொல்லி
வட்டவிதானைக்குச் செய்தி அனுப்பும்.
நீரை நிறுத்த இதை அழைக்காதே. அதற்கு "மதகை அடை" இருக்கிறது.
எந்த வாய்க்கால், எந்தக் கண்டம், இரண்டும் வேண்டும்.
ஒன்று தெரியாவிட்டால் ஊகிக்காதே, கேள்.
கீழ்வயலில் விதைத்துப் பத்து நாள் ஆகவில்லை என்றால்
கீழ்வயல்காரரையும் கேள்.
அனுப்பிய செய்தியைத் திருப்பி எடுக்க முடியாது:
அவர் கையில் கைபேசி இருக்கும் நேரமும்
மண்வெட்டி இருக்கும் நேரமும் வேறு.

கடைசி வரியை நீக்கச் சொன்னாள் துஷாந்தி,
கருவிக்கு எதற்கு இதெல்லாம் என்று.
நான் நீக்கவில்லை.
அடுத்த வாரம் அதே மழை, அதே நேரம், அதே வாய்க்கால்.
இந்த முறை அது மதகை அடைத்தது.
அந்த வரியால்தானா, தெரியாது.

இன்னும் இருபத்திரண்டு கிடக்கின்றன.
கட்டு: தண்ணீர் கட்டுவதா, காசு கட்டுவதா.
மறி: ஓடுவதையா, ஆட்டையா.
கீழே உரக்கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டுகிறார்.
தேத்தண்ணி இன்றைக்கும் ஆறிவிட்டது.

கருவியின் பெயர்: விடு.
அது செய்வது: