நூற்று முப்பத்தொன்று

உதகை. மழலைக் கல்வி மாநாடு.
வாசலில் பெயர் அட்டை தந்தார்கள்.
அமலோற்பவம், நடுவில் ஓர் எழுத்து தொலைந்து
அமலோபவம் ஆகியிருந்தேன்.
பரவாயில்லை. என் பிள்ளைகளுக்கு
அவ்வளவுகூட நாக்கு வளையாது.
"அம்மோ டீச்சர்", அதோடு சரி.

நாற்காலிகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை.
பதினோரு வருடம் தரையில் உட்கார்ந்த முட்டிகள்
எங்கே மடங்குவதென்று தெரியாமல்
முன்வரிசை முதுகை இடித்தன.

உட்கார்ந்ததும் எண்ணிவிட்டேன்.
யாரும் சொல்லவில்லை. மடியில்
விரல்கள் தாமாக மடங்கின.
நூற்று முப்பத்தொன்று.
குன்னூர், மஞ்சூர், பந்தலூர், கோத்தகிரி,
பெயர் தெரியாதவர்களுக்கு ஸ்வெட்டர் நிறம்.

சென்னையிலிருந்து வந்த முனைவர்
திரையில் ஒரு மூளையைக் காட்டினார்.
பாதி நறுக்கிய முட்டைக்கோஸ் போலிருந்தது.
ஆறு வயதுக்குள் அதில் என்னென்ன நடக்கிறதென்று
அம்புக்குறி போட்டு விளக்கினார்.
எனக்கு ரக்‌ஷிதா ஞாபகம். மூன்றரை வயது.
மதியத்தில் என் காது மடலைப் பிடித்தால்தான்
அவளுக்குக் கண் சொருகும்.
இன்றைக்கு யார் காது?

"வெளிப்புற விளையாட்டில் உங்கள் சவால்கள் என்ன?"
கேட்கிறாரே என்று கை தூக்கினேன்.
சார், எங்கள் சவாலுக்கு இரண்டு கொம்பு.
தேயிலைக்குள்ளிருந்து ஏறி வந்து
சறுக்குமரத்தடியில் நிற்கும், மூச்சு புகையும்.
அது போகிறவரை எங்களுக்குச் சிலை விளையாட்டு.
அசைந்தவர் அவுட்.
ஒருமுறை நாற்பது நிமிடம்,
இருபத்திரண்டு சிலைகள்.
ஒரு சிலை மட்டும் நின்றபடி மூத்திரம் போனது.
அவுட் இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன்.

இதையெல்லாம் சொல்ல இருந்தேன்.
மைக் முன்வரிசையோடு நின்றுவிட்டது.
டீ வந்தது. வர்க்கி வந்தது.

மணியடித்து எல்லோரும் உட்கார்ந்தபின்
நூற்று முப்பது.
மறுபடி எண்ணினேன். நூற்று முப்பது.
அடிவயிற்றில் அந்தக் குளிர்,
கதவைப் பார், தொட்டியைப் பார், சரிவைப் பார் என்று
உள்ளே ஒருத்தி ஓடத் தொடங்குவாளே, அது.
நாற்பது வயதுக்காரிகள்தான், தெரியும்.
ஆனாலும் எழுந்துவிட்டேன்.

கழிப்பறையில் இல்லை. வராந்தாவில் இல்லை.
சைப்ரஸ் மரங்களுக்கிடையே பனி மட்டும்.
சமையல்கூடத்துப் பின்வாசலில்
பச்சை ஸ்வெட்டர், குனிந்திருந்தது.
ரூபாவதி. கிண்ணக்கொரை மையம்.
செய்தித்தாளை விரித்து
தட்டில் மீந்த வர்க்கியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றது.
சிலை.

"பதினேழு பிள்ளைங்க," என்றாள்,
"பதினாலுதான் தேறுச்சு."

என் கைப்பையைத் திறந்தேன்.
டிஷ்யூவில் மடித்த இரண்டு,
ரக்‌ஷிதாவுக்கு ஒன்று, அவள் தம்பிக்கு ஒன்று.
சற்று யோசித்தேன். பொய் சொல்வானேன்,
நன்றாகவே யோசித்தேன்.
பிறகு வைத்தேன்.

"பதினாறு," என்றாள். "ஒண்ணு உடைச்சுக்கலாமா?"
"வர்க்கியை உடைச்சா தூள்தான்."
பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பையன்
காதில் செருகிய பீடியை ஒருமுறை தொட்டுவிட்டு
உள்ளே போனான். வரவில்லை.
நாங்களும் காத்திருக்கவில்லை.

உள்ளே வந்து எண்ணினேன். சரியாக இருந்தது.
அதற்கப்புறம்தான் முனைவர் பேசியது காதில் விழுந்தது.
நல்ல மனிதர். நன்றாகவே பேசினார்.
இரண்டு பக்கம் குறிப்பு எடுத்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு மறுபடி நூற்று முப்பது.
இந்தமுறை குளிரவில்லை.
கிண்ணக்கொரைக்குக் கடைசி பஸ்.
கீழே, வளைவில், ஹாரன் கேட்டது.

மாலை வருகைப்பதிவேடு கைமாறி வந்தது.
அவள் பெயருக்கு நேரே
ரூபாவதி என்று நானே கையெழுத்திட்டேன்,
ஓர் எழுத்தும் தொலையாமல்.