ஒராளுக்கு அரிசி

நாற்பத்திரண்டு பேருக்கு உலை வைக்க
யதுர்சிகாவுக்குத் தெரியும்.
எத்தனை வாளி தண்ணீர், எப்போது விறகை இழுப்பது,
கஞ்சி வடிக்கும்போது யார் எந்தப் பக்கம் பிடிப்பது,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.
நேற்று இரவு ஒன்பதே முக்காலுக்கு
போனில் கேட்டாள்:
"அக்கா, ஒராளுக்கு எவ்வளவு அரிசி போடுறது?"

எனக்கும் தெரியாது,
ஏழு வருடத்துக்கு முன்
உவர்மலை இறக்கத்தில் ஒரு பையோடு இறங்கியபோது.
அன்றைக்குக் கேட்க ஆளில்லை.
மூன்று நாள் அதே சோற்றைத் தண்ணீர் ஊற்றித் தின்றேன்.
நாலாம் நாள் மிச்சத்தை
பஸ் நிலையத்து மான்களுக்குக் கொண்டுபோனேன்.
ஒன்று வந்து முகர்ந்தது.
பிறகு பக்கத்தில் கிடந்த சொப்பிங் பையைச்
சாவகாசமாய்ச் சப்பத் தொடங்கியது.

அவளுக்குப் பதினெட்டு முடிந்த அன்று
கேக் வெட்டினார்கள்.
மேற்றன் அழுதார், உண்மையாகத்தான் அழுதார்.
அழுதுமுடித்து, பதிவேட்டில் அவள் பெயரின் மேல்
அடிமட்டம் வைத்து ஒரு கோடு.
திங்கட்கிழமை அந்தக் கட்டிலுக்கு
மூதூரில் இருந்து ஒரு சின்னப்பிள்ளை வருகிறது.
யாரை நோவது?
கட்டில் நாற்பத்திரண்டுதான்.

கொண்டுவந்தவை:
தையல் சான்றிதழ், சேமிப்புப் புத்தகத்தில்
பதினோராயிரத்து நானூறு ரூபாய்,
கேட்டு வாங்கிய தலையணை.
உறையின் மூலையில் நீல நூலால் 17.
துவாயிலும் 17. சீப்பிலும் சுரண்டி 17.
"இனி இதை அழிக்கலாமா அக்கா?"
அழிக்கலாம் என்றேன்.
இன்னும் அழிக்கவில்லை.

பாலையூற்றில் அறை தேடினோம்.
"பிள்ளை எந்த ஊர்? ஆற்ற மகள்?"
எங்கள் பக்கத்தில் இது கேள்வியில்லை, படலை.
அவள் நிமிர்ந்து நின்று
நன்னடத்தை அதிகாரிக்குச் சொல்வதுபோல ஒப்புவித்தாள்.
முதல் வீட்டுக்கு மகன் திரும்பி வருகிறானாம்.
இரண்டாம் வீட்டுக்கும் மகன்.
மூன்றாம் வீட்டில் மகனே இல்லை,
ஆனாலும் வருகிறான்.

நாலாவது வீட்டில் மூன்று மாத முற்பணம்,
ஆறு மணிக்குப் பிறகு குழாயில் தண்ணீர் இல்லை,
ஒரு சாவி.
பதினொரு வருடம் வேறு யாரோ பூட்டினார்கள்,
வேறு யாரோ திறந்தார்கள்.
உள்ளே போய்ப் பூட்டினாள். திறந்தாள். பூட்டினாள்.
வெளியே முருங்கையின் கீழ் நின்று
நான் எண்ணினேன்.
ஆறு தடவை.

பிறகு ஆடைத் தொழிற்சாலை விண்ணப்பம்.
அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர்:
என் பெயரை எழுதினாள், எழுத்துப் பிழையோடு.
உறவுமுறை:
பேனை அங்கே நின்றுவிட்டது.
சகோதரி என்றால் முதலெழுத்து இடிக்கும்.
பாதுகாவலர் என்ற சொல்
பதினெட்டோடு சட்டப்படி முடிந்துவிட்டது.
சிநேகிதி என்று சொல்ல
பழகியே மூன்று மாதம்.
பின்னால் வரிசை நீண்டது.
"கெதியாச் சொல்லுங்கோ" என்ற கிளாக்கர்
தானே பேனையை வாங்கி எழுதினார்:
வேறு.

உட்துறைமுக வீதி முழுக்க அவளுக்குச் சிரிப்பு.
"வேறக்கா, ஐஸ்கிறீம் வாங்கித் தாங்கோ."
என் போனில் அவளை அப்படியே பதிந்தேன்.
நேற்றிரவு அந்தச் சொல்தான் ஒளிர்ந்தது.

அரைச் சுண்டு போடு என்றேன்.
வைத்த பிறகு யோசித்தேன்,
காலையில் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகவும் வேண்டுமே.
திருப்பி எடுத்து
முக்கால் சுண்டு என்றேன்.
பத்தே காலுக்கு மறுபடி வேறு:
"அடிப்பிடிச்சிட்டுது."
சுரண்டாதே, தண்ணீர் ஊற்றி வை,
மேலே இருப்பதைச் சாப்பிடு.

சாப்பிட்டாள் போல.
இருவரும் ஒன்றும் பேசவில்லை, வைக்கவுமில்லை.
அவள் பக்கத்துத் தகரத்தில்
ஏதோ உராய்ந்தது. மூச்சு நின்றது கேட்டது.
அது முருங்கைக் கொப்பு என்றேன்,
அவள் கேட்க முன்னம்.