வாழ்நாள் இரவல்

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
எங்கள் வேலை வேறு.
வாங்க வருகிறவரின் பல்லைப் பார்க்கிறோம்.

வாரநாளில் லீட்ரிம் சரிவுகளில் தபால் வேன் ஓட்டுகிறேன்.
எந்த வீட்டு நாய் கடிக்கும்,
எந்த வீட்டு மணி அடிக்காது, தெரியும்.
சனிக்கிழமை அதே வீடுகளுக்கு
வேறு கோட்டு, வேறு கேள்விகள்:
வேலி என்ன உயரம்?
தொட்டித் தண்ணீர் உறைந்தால் யார் உடைப்பார்?
மஞ்சளாய்ப் பூக்கும் அந்த விஷச்செடியை
வேரோடு பிடுங்கினீர்களா, தலையை மட்டும் கிள்ளினீர்களா?
உங்களுக்கு ஏதாவது ஆனால்?
(கடைசிக் கேள்விக்கு மட்டும்
எல்லாரும் ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்கள்.)

இந்த முறை ஒரு சாம்பல்நிற மட்டக்குதிரை.
பிப்ரவரியில், லாங்ஃபோர்டு போகும் சாலையில்,
ரவுண்டானா நடுவே பலகைக் கம்பத்தில்
நீலக் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
கயிறு எட்டும் வட்டத்துக்குப் புல் இல்லை.
வண்டிகள் அவளைச் சுற்றிப் போயின,
ஒழுங்காக, சிக்னல் போட்டு.
விலா எலும்பைக் காரிலிருந்தே எண்ணலாம்.
சிப் இல்லை. பாஸ்போர்ட் இல்லை.
(இந்த நாட்டில் குதிரைக்கும் பாஸ்போர்ட் வேண்டும்.)
பெயர் என்ற கட்டத்தில்
கயிற்றை அறுத்த போலீஸ்காரர் ‘ரவுண்டானா’ என்று எழுதினார்.
அதுவே நிலைத்துவிட்டது.

அட்ராக்டா அவளுக்குத் தீனி வைத்ததைப் பார்த்திருக்க வேண்டும்.
ஒரு கைப்பிடி. மூன்று மணி நேரம். இன்னொரு கைப்பிடி.
இரவு இரண்டு மணிக்கும் எழுந்து, ஒரு கைப்பிடி.
காய்ந்து கிடந்த உடம்பில்
ஒரு வாளி ஓட்ஸைக் கவிழ்த்தால் இதயம் நின்றுவிடும்.
இரக்கத்தையும் அளந்துதான் போடணும் என்பாள்,
மூக்கைச் சிந்திக்கொண்டே.

முதலில் ஷானகி வீட்டுக்குப் போனேன்.
ஐந்து ஏக்கர். வெல்வெட் போலப் புல்.
மகள் ஏற்கெனவே சிவப்பு வாளியில்
பெயரெழுதி வைத்திருந்தாள்.
குனிந்து புல்லுக்குள் கையை விட்டேன்.
மணிக்கட்டு மறைந்தது.
மன்னியுங்கள், இங்கே புல் அதிகம் என்றேன்.
ஜோக் என்று சிரித்தார்கள்.
இனிப்பேறிய புல்லை வயிறு முட்டத் தின்றால்
மட்டக்குதிரைக்குக் குளம்புக்குள்ளே தீப்பிடிக்கும்.
நிற்க முடியாது. பிறகு ஒன்றும் முடியாது.
பாதியை வேலி போட்டுத் தடுக்கலாமே என்றேன்.
அழகு கெட்டுவிடும் என்றார் அந்த அம்மா.
அந்தப் பெண் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு மாலகி டுவோஹி.
கல்குவாரியில் முப்பது வருடம். காது பாதி.
நிலமென்று சொல்ல ஒன்றரை ஏக்கர்,
அதில் கல்தான் நல்ல மகசூல்.
கோரை, பாசி, நடுவில் கிழட்டுக் கழுதை ஒன்று.
புல் சுமார்தான் என்றார், தொப்பியைக் கழற்றியபடி.
அருமை என்றேன்.
கிண்டல் என்று நினைத்து முகம் சுருங்கியது.

உங்களுக்கு ஏதாவது ஆனால்?
அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை.
டிராயரைத் திறந்து ஓர் உறை எடுத்தார்.
தங்கை மகன் பெயர், தொலைபேசி எண்,
மருத்துவருக்குப் பாக்கி இல்லை என்ற ரசீது.
கழுதைக்காக எழுதியது.
இன்னொரு பெயர் எழுத இடமிருக்கு என்றார்.

வண்டியைக் கொண்டுபோன அன்று மழை.
சாய்பலகையில் கால் வைக்க மாட்டேன் என்று
நாற்பது நிமிடம். ஆப்பிள், கெஞ்சல், வசவு.
கழுதை ஒருமுறை இருமியது.
எங்களைக் கேட்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

படிவத்தில் ‘வாழ்நாள் இரவல்’ என்று இருக்கும்.
விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது,
எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்போம்.
யாருடைய வாழ்நாள் என்று கேட்டார் மாலகி.
அட்ராக்டாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்துப் போனேன்.
கொட்டகைக் கதவை உதைத்துவிட்டாளாம்.
கொடியில் காய்ந்த சட்டையில் ஒரு கையைத் தின்றுவிட்டாளாம்.
குற்றப்பட்டியல் நீள நீள அவர் டீ ஆறியது.
நான் அவள் விலாவில் கை வைத்தேன்.
விரலைக் கொஞ்சம் அழுத்தித் தேட வேண்டியிருந்தது.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
எழுதினேன்:
பார்த்தால் தெரியவில்லை.
தொட்டால் இருக்கிறது.