தாவல் வரம்பு

ஔலு நகரம், நவம்பர் கடைசி.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
மேசையில் நான்கு கருவிகள், நான்கு விண்ணப்பங்கள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில்
எதற்கு எவை என்று குறிப்பது என் வேலை.

ரவுட்டருக்கு ஏறக்குறைய எல்லாமே.
அடுத்தவர் கடிதத்தைத் தன்னிடமே
வைத்துக்கொண்டால் தோல்வி.
முனைக் கருவிக்கு நேர்மாறு:
அடுத்தவர் கடிதத்தைக் கை மாற்றினால் தோல்வி.
ஒரே செயல்தான்.
அங்கே கடமை, இங்கே குற்றம்.

காட்டில் பனியின் ஆழம் அளக்கும் கருவி
பத்து நிமிடம் தூங்கும்
அரை நொடி விழிக்கும்.
ஒரு நொடியில் தீர்ப்பெழுதும் சோதனையை
அதற்குப் போட்டால், பிழை அதனுடையதல்ல.
காத்திருக்கும் நேரத்தை நீட்டிவிட்டு
அது எழும்வரை காபி குடித்தேன்.

ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் உண்டு.
முகவரி ஒன்றைச் சூடிக்கொள்ளும் முன்
'இந்தப் பெயரில் இங்கே யாராவது?' என்று
கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
பதில் வராததுதான் அனுமதி.

நான்காவது, சவுனா அடுப்பு.
வழியில் வரும்போதே போனைத் தட்டினால்
கல் சூடாகத் தொடங்கும்.
'முனைக் கருவி' என்ற கட்டத்தில் குறியிட்டுக்
கையெழுத்துப் போட்டிருந்தார் அர்மாஸ் பெல்டோனியெமி.
"அடுப்புதானே ஹில்யா,
அது யாருக்கு வழி காட்டப் போகிறது?"
அந்தக் கட்டத்துக்குச் சோதனை கம்மி.
கட்டணமும்.

திருப்பிப் பார்த்தேன். முதுகில் இரண்டு ஆண்டெனா.
ஒன்று வீட்டு வைஃபைக்கு.
ஒல்லியான மற்றது
தோட்டத்து விளக்குகளோடு பேச.

குறித்த பட்டியலில் இல்லாத ஒன்றை அனுப்பினேன்:
விளக்கின் முகவரிக்கு ஒரு பாக்கெட்,
தாவல் வரம்பு அறுபத்து நான்கு.
மறுபக்கம் வந்து விழுந்தது
அறுபத்து மூன்றாக.

யாரும் சொல்லாமலே
ஒன்றைக் கழித்து, உறை கிழியாமல்
அடுத்தவர் கடிதத்தைச் சேர்த்திருக்கிறது
இந்த அடுப்பு.

தொலைபேசியில் சொன்னேன்.
அர்மாஸ் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.
பதில் வராததை
இங்கேயும் அனுமதி என்று கொள்ளலாமா?
சில நொடி காத்திருந்தேன், முறைப்படி.

பிறகு அந்தக் குறியை அடித்துவிட்டு
இன்னும் இருநூற்று நாற்பதைச் சேர்த்தேன்.
அவற்றில் முதலாவது:
'நான் வழி' என்று தானே முன்வந்து
அக்கம்பக்கத்துக்கு அறிவிக்கிறதா?

அறிவிக்கவில்லை.
தோல்வி என்று எழுதினேன்,
கொஞ்சம் தயங்கித்தான்.