துப்பு

சனிக்கிழமை காலை தைஸ்தோ ரைஃபிளைக் கொண்டுவந்து
என் மேசையில் கிடத்தினான்,
காலொடிந்த கன்றைக் கிடத்துவதுபோல.
"சுடுகிறது. துப்பத்தான் மாட்டேன் என்கிறது."
பதினொரு மாதத்தில் அவன் என்னோடு பேசிய
முதல் இரண்டு வாக்கியங்கள்.

நான் பால் கறக்கும் எந்திரங்களைப் பழுது பார்ப்பவள்.
லியெக்சாவிலிருந்து எல்லைக்காடு வரை
நாற்பது தொழுவங்கள் என் பொறுப்பு.
காற்று எங்கே போகிறது, எங்கே நின்றுவிடுகிறது:
எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவே.
இதுவும் காற்றில் ஓடுவதுதான்.
குண்டைத் துரத்தும் புகையில்
ஒரு சிட்டிகை திருடி
தன்னைத்தானே திறந்து மூடிக்கொள்ளும் பிராணி.

நாற்பத்தொன்றில் வார்த்தது.
போரில் எதிரியின் கையிலிருந்து பிடுங்கியது.
குழலடியில் சதுரத்துக்குள் இரண்டு எழுத்து;
பிடித்த மாட்டுக்குச் சூடு போடுவதுபோல
எங்கள் படை குத்தியது.

கற்குழிக்குப் போனோம். மைனஸ் பதினான்கு.
முதல் தோட்டா சரி.
மூன்றாவதின் வெற்றுக்கூடு
வாசலில் நசுங்கி நிமிர்ந்து நின்றது,
சவுனாவின் புகைபோக்கி மாதிரி.
ஐந்தாவது உள்ளேயே தங்கிவிட்டது.
தைஸ்தோ தன் பாட்டனாரின் ரஷ்ய மொழியில்
ஒரு வார்த்தை சொன்னான்.

நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை,
தரையைப் பார்த்தேன்.
சூடான பித்தளை விழுந்த இடமெல்லாம்
பனியில் சின்னச் சின்னக் கிணறுகள்.
எல்லாம் அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்குள்.
இருமுகிறது; சளியை வெளியே தள்ள மூச்சில்லை.

வேனின் பின்கதவைத் திறந்து
கழற்றினேன்.
போல்ட்டில் பழைய கிரீஸ்,
பன்றிக்கொழுப்பாய் உறைந்து.
மண்ணெண்ணெயில் அலசினேன், மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு.
தோட்டா உட்காரும் அறையின் சுவரில்
நீளநீளமாய் வரிப்பள்ளங்கள்;
கூடு ஒட்டாமலிருக்க வெட்டியவை.
அவற்றில் பச்சை அரக்கு கெட்டித்திருந்தது.
பால்குழாய் கழுவும் பிரஷ் கச்சிதமாக நுழைந்தது.
பிறகு வாயுத் திருகு: ஐந்து முகம், ஐந்து துளை.
யாரோ மிகச் சின்னதில் வைத்துவிட்டுப்
போயிருக்கிறார்கள், கோடைக்காலத்தில்.
ஒன்று கூட்டினேன். இன்னொன்றும் கூட்டினேன்.

"கூடுதலாக வைத்தால்?" என்றான்.
"கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு ஓடும்.
உன்னைப்போல."
அவன் கையுறையைக் கழற்றினான், மாட்டினான்.

இப்போது துப்பியது! வலப்பக்கம்
பத்தடி தாண்டி, ஃபர் மரத்தடிக்கு.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
பிறகு போல்ட் முன்னே வந்து
வெறுங்கையோடு நின்றது.

மேகசினைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.
இந்தத் தோட்டாவுக்கு இடுப்பில் விளிம்பு உண்டு,
பழைய காலத்துத் தொப்பி மாதிரி.
மேலே இருப்பதன் விளிம்பு
கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும்.
பின்னால் மாட்டினால் தீர்ந்தது:
மேலது நகராது, கீழது விடாது.
பந்தியில் ஒருவர் வேட்டியை ஒருவர் மிதித்துக்கொண்டு
இருவருமே எழ முடியாத கதை.

"யார் நிரப்பியது?"
"நான்தான். வேகமாக நிரப்பினேன்."
"ஒவ்வொன்றாகப் பின்சுவர்வரை தள்ளி வைக்க வேண்டும்."
"நீ சொல்லவில்லையே."
"நீ கேட்கவில்லையே."

போன ஏப்ரலில் அவன் பனிக்கலப்பை
என் கேட்டின் முன்னால் விட்டுப்போன மேட்டைப் பற்றி
இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி பத்து நிரப்பினான், மெதுவாக,
ஒவ்வொரு விளிம்பையும் கட்டைவிரலால் தடவி.
ஒன்பது பிசகாமல் பாய்ந்தன.
பத்தாவது சிக்கியது.
ஏன் என்று தெரியவில்லை.
ஸ்பிரிங் களைத்திருக்கலாம்.
மேகசின் உதடு ஒரு மயிரிழை வளைந்திருக்கலாம்.
வெர்னியரை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"திங்கள் வரட்டுமா?"
"திங்கள் கர்ஹுனென் வீட்டு வாக்குவம் பம்ப். செவ்வாய்."

இருட்டுமுன் முட்டிபோட்டு
கூடுகளைப் பொறுக்கினோம்.
கிணறு கிணறாகக் கைவிட்டதில்
விரல்நுனிகள் மரத்துப்போயின.
மூன்று கிடைக்கவில்லை.
மே மாதம் பனி தானே கொடுக்கும்.